ஒளிரும் தலைப்பு: முதலில் எந்த விளக்கு என்று முடிவு செய்யுங்கள்

கேள்வி இது: ‘குறும்படம் ஒன்றுக்காக ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் “கொல்லிமலை” என்ற தலைப்பை நியான் விளக்கு போல ஒளிரச் செய்ய முயல்கிறேன். க்ளோ எஃபெக்டைப் போட்டால் எழுத்தைச் சுற்றி ஆவி படிந்தது போல இருக்கிறதே தவிர, வெளிச்சம் வரவில்லை. எழுத்து எழுத்தாக வரும்படி அனிமேட் செய்தால் எழுத்துகள் உடைகின்றன. ரெண்டர் செய்து இணையத்தில் ஏற்றினால் இருட்டுப் பகுதியில் வளையம் வளையமாகத் தெரிகிறது. என்ன செய்வது?’

மூன்றும் தனித்தனிக் கோளாறுகள். முதலாவதுதான் பெரியது. அதைச் சரிசெய்யும்போதே மூன்றாவதில் பாதி சரியாகிவிடும். இரண்டாவது தமிழ் எழுத்தோடு கூடப் பிறந்த தலைவலி. ஆங்கிலத் தலைப்பை வைத்துச் சொல்லித்தரும் வீடியோக்களில் அதற்கு மருந்து கிடைக்காது.

க்ளோ எஃபெக்டைப் போட்டதும் த்ரெஷோல்டு 60 சதவீதம், ரேடியஸ் 10, இன்டென்சிட்டி 1 என்று வந்து நிற்கும். வெளிச்சம் போதவில்லை என்று ரேடியஸை 100க்கு ஏற்றியிருப்பீர்கள். எல்லோரும் செய்வது அதுதான். ஆனால் அந்த எஃபெக்ட் உள்ளே செய்வது எளிய வேலை: எழுத்தில் பிரகாசமான பகுதியை எடுத்து, மங்கலாக்கி, எழுத்தோடு கூட்டிவிடுகிறது. மங்கலுக்கு ஒரே ஓர் அகலம்தான். நிஜ விளக்கின் ஒளி அப்படிப் பரவுவதில்லை. விளக்கை ஒட்டினாற்போல மிகக் கூர்மையான, கண் கூசும் பிரகாசம். அதிலிருந்து சட்டென்று சரிவு. பிறகு வெகுதூரம் வரை இழுத்துக்கொண்டே போகும் மெல்லிய வால். சின்ன ரேடியஸ் கொடுத்தால் வால் இல்லை, பெரிய ரேடியஸ் கொடுத்தால் கூர்மை இல்லை. நடுவில் எங்கே நிறுத்தினாலும் ஆவிதான்.

கணினிக்கு முந்தைய காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் விஷயம் பிடிபடும். எழுத்துகள் மட்டும் தெளிவாகவும், மற்ற இடமெல்லாம் அடர்கறுப்பாகவும் இருக்கும் பெரிய லித் பிலிமைத் தயாரிப்பார்கள். அடியில் விளக்கு, மேலே அனிமேஷன் கேமரா. முதல் தடவை எழுத்து மட்டும் கூர்மையாகப் பதியும். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அதே ஃபிரேமில் இன்னொரு பதிவு. இந்தத் தடவை லென்சுக்கு முன்னால் ஒளியைச் சிதறடிக்கும் ஃபில்டரும் நிறத்தாளும் இருக்கும். தேவைப்பட்டால் இன்னும் அடர்த்தியான ஃபில்டருடன் மறுபடியும். பிலிமின் மேல் ஒளி ஒளியோடு கூடியது. நாம் இன்று லேயர்களை அடுக்கி ‘ஆட்’ மோடில் வைப்பது இதே வேலைதான். அங்கே கூடியது நிஜ ஒளி. இங்கே கூடுவது வெறும் எண். அந்த எண்கள் ஒளி போலக் கூடும்படி புராஜெக்டை முதலில் தயார் செய்ய வேண்டும்.

புதிய புராஜெக்ட் 8 பிட்டில் திறக்கும். அதில் ஒரு நிறச்சானலுக்கு 0 முதல் 255 வரை 256 படிகள்தான். 255க்கு மேல் எதுவும் கிடையாது. வெள்ளைத் தாளும் வெல்டிங் பொறியும் அங்கே ஒரே எண். புராஜெக்ட் பேனலின் அடியில் பிட் அளவு எழுதியிருக்கும் இடத்தை ஆல்ட் விசையோடு அழுத்தினால் 16, 32 என்று மாறும். 32க்குப் போங்கள். இப்போது ‘முழு வெள்ளை’ என்பது 1.0, அதற்கு மேல் 4.0, 10.0 என்று போகவும் இடம் உண்டு. அடுத்து, புராஜெக்ட் செட்டிங்ஸின் கலர் பகுதியில் வொர்க்கிங் ஸ்பேஸாக, எச்டி வீடியோவின் நிறத் தரமான ரெக் 709ஐத் தேர்ந்தெடுத்து, லீனியரைஸ் என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். வழக்கமான வீடியோ எண்களில் 128 என்பது பாதி வெளிச்சம் இல்லை. ஏறத்தாழ 22 சதவீத வெளிச்சம். அந்த எண்களை அப்படியே கூட்டினால் ஒளி சேறாகும், அல்லது திடீரென்று வெந்து வெள்ளையாகும். லீனியரில் கூட்டினால் இரண்டு விளக்குகள் சேர்ந்தால் எப்படியோ அப்படியே கூடும். இந்த ஒரு டிக்குக்காகவே பலர் விலைகொடுத்து பிளக்இன் வாங்குகிறார்கள் என்பது என் சந்தேகம்.

இனி அடுக்குவோம். 1920க்கு 1080 காம்போசிஷன், எழுத்தின் அளவு சுமார் 200 என்று வைத்துக்கொள்வோம். எழுத்து லேயரை பிரீகாம்போஸ் செய்து (தனிக் காம்போசிஷனுக்குள் அடைத்து), அதன்மேல் எக்ஸ்போஷர் எஃபெக்டைப் போட்டு 2 ஸ்டாப் ஏற்றுங்கள். அதாவது நான்கு மடங்கு. அந்த லேயரை நான்கு பிரதி எடுங்கள். பிரதிகளில் ஃபாஸ்ட் பாக்ஸ் ப்ளர், ரேடியஸ் 4, 12, 40, 120 என்று ஏறக்குறைய மும்மடங்காக வளரட்டும். இட்டரேஷன் 3 போதும். எல்லாம் ஆட் மோடு. ஒபாசிட்டி 80, 50, 30, 15 என்று தொடங்கிக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள். கூர்மையான மூல எழுத்து எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். க்ளோ எஃபெக்டையே மூன்று தடவை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவது சுருக்கு வழிதான். ஆனால் இரண்டாவது க்ளோ முதலாவதின் ஒளியையும் சேர்த்து மங்கலாக்கும். எதைத் தொட்டால் எது மாறுகிறது என்பது கைவிட்டுப் போகும்.

நான்கு மடங்கு ஏன் என்று கேட்கலாம். ஆரஞ்சு நிற எழுத்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: சிவப்பு 1.0, பச்சை 0.3, நீலம் 0.08. நான்கால் பெருக்கினால் 4.0, 1.2, 0.32. திரை 1.0க்கு மேல் காட்டாது. ஆகவே கண்ணுக்குத் தெரிவது 1, 1, 0.32 — அதாவது மஞ்சள். எழுத்தின் நடுப்பகுதி மஞ்சளாகக் கொதிக்கிறது. ஒளி வெளியே பரவும்போது அளவு குறைய, பச்சை 1.0க்குக் கீழே இறங்குகிறது. நிறம் ஆரஞ்சாகத் திரும்புகிறது. இன்னும் தள்ளிப் போனால் செம்பழுப்பு. ஒரே நிறத்தைத்தான் கொடுத்தீர்கள்; கேமரா நிஜ விளக்கைப் பார்க்கும்போது நடக்கும் நிறமாற்றம் தானாக வந்துவிட்டது. கண் ‘இது பெயின்ட் இல்லை, வெளிச்சம்’ என்று நம்புவது இந்த இடத்தில்தான்.

இதிலிருந்தே ஓர் எச்சரிக்கையும் கிடைக்கிறது. பச்சையும் நீலமும் பூஜ்யமாக இருக்கும் சுத்தச் சிவப்பை எத்தனை ஸ்டாப் தூக்கினாலும் அது சிவப்பாகவே நிற்கும். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. ஆகவே எந்த நிறமானாலும் மற்ற இரு சானல்களிலும் கொஞ்சம் உப்புப் போல விட்டுவையுங்கள். நீலத்துக்கு இது இரட்டிப்பு அவசியம். ரெக் 709 கணக்கில் ஒரு நிறத்தின் வெளிச்ச அளவில் பச்சைக்கு ஏறத்தாழ 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7 சதவீதம்தான் பங்கு. கருநீல எழுத்து கறுப்புப் பின்னணியில் எரிவதே இல்லை என்று பலர் குறைப்படுவதற்குக் காரணம் இதுதான். மையத்தை வெண்ணீலமாக்குங்கள், நீலம் சுற்றுப்புற ஒளியில் இருக்கட்டும்.

இதுவரை சொன்னது ஒளியின் உருவம். அசைவுக்கு வரும்போது, எந்த விளக்கு என்பதை முடிவு செய்யாமல் கீஃப்ரேமை, அதாவது எந்த நேரத்தில் எந்த அளவு என்று குறிக்கும் புள்ளியை, தொடாதீர்கள். பெரும்பாலான ஒளிரும் தலைப்புகள் பொய்யாகத் தெரிவது, ஒபாசிட்டியைப் பூஜ்யத்திலிருந்து நூறுக்கு ஒரு நொடியில் வழுவழுவென்று ஏற்றுவதால். எந்த விளக்கும் அப்படி எரிவதில்லை.

குண்டு பல்பு என்றால் உள்ளே இருக்கும் இழை சூடாக வேண்டும். முதலில் கருஞ்சிவப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள்வெள்ளை. அணைக்கும்போது அதே பாதையில் திரும்பும். சில ஃபிரேம்கள் பிடிக்கும். ஆகவே எக்ஸ்போஷரோடு நிறத்துக்கும் கீஃப்ரேம் வேண்டும். எல்ஈடி என்றால் நேர்மாறு: ஒரே ஃபிரேமில் எரியும், ஒரே ஃபிரேமில் அணையும். அங்கே மென்மையான ஏற்றம் கொடுத்தால் எல்ஈடி போலவே இருக்காது. சோக்கும் ஸ்டார்ட்டரும் உள்ள பழைய டியூப் லைட்டை நம் ஊரில் தெரியாதவர் இல்லை: இரண்டு முனைகளும் முதலில் செம்மஞ்சளாகக் கனலும், நடுப்பகுதி இரண்டு மூன்று தடவை வெட்டி வெட்டிக் காட்டும், பிறகு ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளும். திகில் படத் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. இருந்தும் யாரும் பயன்படுத்துவதில்லை.

நீங்கள் கேட்டது நியான். பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் க்ளோட் 1910இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் காட்டிய அதே குழாய் விளக்கு. நியான் வாயு தருவது செவ்வாரஞ்சு ஒன்றுதான். நீலமெல்லாம் ஆர்கானும் துளிப் பாதரசமும், மற்ற நிறங்கள் குழாயின் உட்பூச்சால் வருபவை. குறும்படம் பழைய காலத்தில் நடக்கிறதென்றால் செவ்வாரஞ்சை விட்டு வெளியே போக வேண்டாம் என்பேன். நியான் எரியத் தொடங்கும் துடிப்பை, அளவைத் தானாக ஆட்டிவைக்கும் விகிள் எக்ஸ்பிரஷனால் செய்யாதீர்கள். விகிள் எண்ணெய் போட்டது போல வழுக்கும். மின்சாரம் வழுக்காது, வெட்டும். எல்லாக் கீஃப்ரேமையும் ஹோல்டு கீஃப்ரேமாக (அடுத்த கீஃப்ரேம் வரை அளவு மாறாமல் நிற்கும் வகை) மாற்றிவிட்டு, நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் இப்படித் தொடங்கிப் பாருங்கள்: பூஜ்யமாவது ஃபிரேமில் 0, 2இல் 70, 3இல் 0, 9இல் 100, 10இல் 30, 12இல் 100. 3க்கும் 9க்கும் நடுவில் உள்ள இருட்டுதான் இதில் முக்கியம். பார்ப்பவர் ‘எரியாதோ?’ என்று நினைக்க அந்த ஆறு ஃபிரேம் போதும். எல்லா எழுத்தும் எரிந்த பிறகு ‘ம’ மட்டும் அரை நொடி தாமதமாகப் பிடிக்கட்டும். கடைத்தெருப் பலகை போலாகிவிடும்.

இந்த எண்களை ஒவ்வொரு லேயரிலும் தனித்தனியாகப் போடாமல், ஒரு ‘நல்’ லேயரில் (திரையில் எதையும் காட்டாத வெற்று லேயர்) ஸ்லைடர் கன்ட்ரோல் வைத்து, கூர்மையான எழுத்து, நான்கு மங்கல் பிரதிகள், சுவரில் விழும் வெளிச்சம் எல்லாவற்றின் ஒபாசிட்டியையும் அதோடு இணையுங்கள். சுற்றியுள்ள ஒளி மட்டும் துடிக்க, எழுத்து அசையாமல் பளிச்சென்று நிற்கும் தலைப்புகளை எத்தனையோ பார்த்தாயிற்று. இன்னொன்று: அணைந்த நியான் குழாய் மாயமாகிவிடாது. சாம்பல் நிறக் கண்ணாடிக் குழாயாக ஒரு மங்கலான பிரதி எப்போதும் அடியில் இருக்கட்டும்.

குழாய் ஓடும் தோற்றம் வேண்டுமென்றால் அதில் ஒரு கண்ணி உண்டு. எழுத்து லேயரிலிருந்து ஷேப் உண்டாக்கி, ட்ரிம் பாத்ஸ் போட்டு, எண்டை 0இலிருந்து 100க்கு ஓட்டினால் எழுத்தின் வெளிக்கோடுதான் வரையப்படும். கையால் எழுதுவது போல நடுக்கோடு வராது. நடுக்கோடு வேண்டுமானால் பென் டூலை எடுத்து எழுத்தின்மேல் நீங்களேதான் வரைய வேண்டும். ஐந்து எழுத்துதானே, வரைந்துவிடுங்கள். கோட்டின் முனை ரவுண்டு கேப்பாக இருக்கட்டும். வீடியோ காப்பைலட் 2016இல் இலவசமாக வெளியிட்ட சேபர் என்ற பிளக்இன்னும் எழுத்து லேயரைக் கொடுத்தால் அதன் வெளிக்கோட்டில்தான் ஓடும். அவசர வேலைக்கு அது நல்ல கருவி, ஒளியின் வாலும் அதில் அழகாக விழும். ஆனால் முன்னமைவுகளை அப்படியே விட்டால், பார்த்தவுடன் ‘சேபர்’ என்று சொல்லிவிடுவார்கள்.

சரி, தமிழ் எழுத்து. ‘கொல்லிமலை’ என்பதைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால், மென்பொருளின் கணக்கில் ‘கொ’ என்பது ஓர் எழுத்தே அல்ல. ஒற்றைக்கொம்பு, ‘க’, கால் என மூன்று தனிக் குறிகள். ‘ல்’ என்பதும் இரண்டு: ‘ல’ ஒன்று, புள்ளி ஒன்று. அசைவு எந்த எழுத்து வரை எட்டுகிறது என்பதைத் தீர்மானிக்கும் ரேஞ்ச் செலக்டர் இடமிருந்து வலமாக நகரும்போது முதலில் திரையில் வருவது தனித்து நிற்கும் ஒரு கொம்பு. பிறகு ‘க’, பிறகு கால். ‘ல’ எரிந்தபின் புள்ளி மேலிருந்து தனியாக வந்து உட்காரும். ‘லை’ வருமுன் அதன் இணைக்கொம்பு வந்து காத்திருக்கும். நீங்கள் ‘உடைகிறது’ என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

யூனிகோடு எழுத்துருவுக்கு மாறினாலும் பிரச்சினை வேறு உருவத்தில் வரலாம். யூனிகோடில் ‘க’ முதலிலும் ‘ொ’ பின்னாலும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து பொருத்துவது மென்பொருளின் பொறுப்பு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் பழைய பதிப்புகளில் கொம்பு தவறான பக்கத்தில் நின்றால், பிரிஃபரன்சஸில் டைப் என்ற பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினைச் சவுத் ஏஷியன் என்று தொடங்கும் தேர்வுக்கு மாற்றி, மென்பொருளை மூடித் திறங்கள். அதற்குப் பிறகும் எழுத்துவாரி அசைவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ‘கொ, கௌ, ஸ்ரீ, க்ஷ’ என்று தட்டி அனிமேட்டரை ஓட்டிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தலைப்பு பல சொற்கள் கொண்டதென்றால் ரேஞ்ச் செலக்டரின் அட்வான்ஸ்டு பகுதியில் ‘பேஸ்டு ஆன்’ என்பதை வேர்ட்ஸ் என்று மாற்றுவது பாதுகாப்பு. ஒற்றைச் சொல் என்றால் நேர்வழி இதுதான்: எழுத்தை ஷேப்பாக மாற்றுங்கள். கொம்பு, ‘க’, கால் மூன்றையும் ஒரே குழுவாக்குங்கள்; ‘ல’வையும் புள்ளியையும் ஒரே குழுவாக்குங்கள். கொ, ல், லி, ம, லை என்று ஐந்து குழுக்கள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் தனி லேயராக்கி அனிமேட் செய்யுங்கள். இல்லஸ்ட்ரேட்டரிலோ இன்க்ஸ்கேப்பிலோ எழுத்தைக் கோட்டுருவாக்கிக் கொண்டுவந்தாலும் சரி.

எழுத்துரு தேர்வில் ஒன்று சொல்ல வேண்டும். ஒளி விழுங்குவதற்கென்றே தமிழில் சில இடங்கள் இருக்கின்றன. ‘ண’வின் சுழிகள், ‘ஞ’வின் உட்பகுதி, எல்லாவற்றுக்கும் மேலாகப் புள்ளி. முதல் மங்கல் பிரதியின் ரேடியஸ் சுழியின் உள்வெளியைவிடப் பெரிதாகப் போனால் சுழி அடைந்துபோகும். புள்ளி கீழே உள்ள எழுத்தோடு ஒட்டி, ‘ல்’ ‘ல’வாகிவிடும். கொல்லிமலை ‘கொலலிமலை’ ஆனால் யாருக்கு என்ன பயன்? கனத்த எழுத்துருவைத் தவிர்த்து, கோடு ஒரே தடிமனாகவும் உள்வெளி தாராளமாகவும் இருப்பதை எடுங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் காட்டமரன், ஹிந்த் மதுரை ஆகியவற்றின் மெல்லிய வடிவங்கள் இதற்கு நன்றாகப் பொருந்தும். எழுத்திடைவெளியையும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள். ஒளிக்கும் இடம் வேண்டும்.

பின்னணியைச் சுத்தக் கறுப்பாக விடுவதானால் மேலே சொன்னதே போதும். ஆனால் ஒரு செங்கல் சுவர்ப் படத்தைக் கீழே வைத்து, ரேடியஸ் 120 பிரதியை இன்னொரு தடவை எடுத்து 300க்கு மங்கலாக்கி, அதைச் சுவரின் லூமா மேட்டாகப் பயன்படுத்திப் பாருங்கள். விளக்கு எரியும் இடத்தில் மட்டும் செங்கல் தெரியும், மற்றது இருட்டு. அந்தச் சுவருக்கு எழுத்தின் நிறத்தையும் கொஞ்சம் ஏற்றினால், எழுத்தின் ஒளியைப் பாதியாகக் குறைத்தாலும் முன்னைவிடப் பிரகாசமாகத் தோன்றும். ஒளி எதன்மீதாவது விழ வேண்டும்.

கடைசியாக அந்த வளையங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒளியின் வால் 600 பிக்சல் தூரத்தில் 60 என்ற அளவிலிருந்து 0 வரை இறங்குகிறது. 8 பிட் வீடியோவில் இடையில் 60 படிகள்தான். ஒவ்வொரு படியும் 10 பிக்சல் அகலம்; கண்ணுக்குப் பட்டையாகத் தெரியாமல் என்ன செய்யும்? 32 பிட்டில் வேலை செய்தால் நடுவழியில் பட்டை உண்டாகாது. ஆனால் இறுதியில் போவது 8 பிட் ஃபைல்தான். ஆகவே எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் நாய்ஸ் எஃபெக்டை 1 அல்லது 2 சதவீதம் போடுங்கள். மணல் போன்ற அந்தச் சலனம் படிகளின் விளிம்பை உடைத்துவிடும். கண் சரிவைத்தான் பார்க்கும். இணையத் தளங்கள் வீடியோவை மறுபடி சுருக்கும்போது இருட்டுப் பகுதிக்குத்தான் முதலில் கத்தரி விழும். எனவே பிட்ரேட்டைத் தாராளமாக வைத்து ஏற்றுங்கள். சுருக்கும்போது நிறத்தகவல் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைக்கப்படுகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எழுத்தின் விளிம்பு நிறத்தை மட்டும் நம்பி நின்றால் கட்டம் கட்டமாகும். மையத்தை வெண்மையாக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

தலைப்பை எடிட்டிங் மென்பொருளில் காட்சியின்மேல் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒளியை ஆல்ஃபாவோடு (ஒவ்வொரு பிக்சலும் பின்னணியை எவ்வளவு மறைக்கிறது என்று சொல்லும் சானல்) ரெண்டர் செய்யாதீர்கள். ஒளிக்கு ஆல்ஃபா கிடையாது. அது எதையும் மறைப்பதில்லை, கூடுகிறது. ஆல்ஃபாவில் அடைத்தால் எழுத்தைச் சுற்றி அழுக்குக் கறுப்பு விளிம்பு வரும். ஒளிப் பிரதிகளை மட்டும் கறுப்பின்மேல் ஒரு ஃபைலாகவும், அணைந்த குழாயையும் கூர்மையான எழுத்தையும் ஆல்ஃபாவோடு புரோரெஸ் 4444இல் இன்னொரு ஃபைலாகவும் எடுங்கள். முதலாவதை ஆட் அல்லது ஸ்கிரீன் மோடில் வைக்க வேண்டும் என்பதை ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள். எடிட்டர் கேட்டு போன் செய்ய மாட்டார், நார்மலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.